தாய்க்கோழி குடியிருந்த வீடு

மலாக்கா பக்கம் செங் தொழிற்பேட்டையில், டயர் கடைக்கும் கண்ணாடி வெட்டும் கடைக்கும் மேல்மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில், யாராவது வேலையை விட்டுப் போனால் பால் ஊற்றுவார்கள்.

நிஜப் பால் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் போய்ப் பால் தெளித்துவிட்டு வருகிறோமே, அதை மனத்தில் வைத்து, அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் காந்தன் உண்டாக்கிய சடங்கு. போகிறவரின் கணக்கைச் சர்வரிலிருந்து அழிப்பது எந்தக் கம்பெனியிலும் நடப்பதுதான். மற்ற இடங்களில் யாரோ ஒருவர் ஓரமாக உட்கார்ந்து, ரொட்டி சானாய் தின்ற கையோடு அழித்துவிட்டுப் போய்விடுவார். காந்தனுக்கு அது அநாதைப் பிணத்தை எரிப்பது போல் பட்டது. இத்தனை காலம் கூட உழைத்தவனை ஒரு மரியாதையோடு அனுப்ப வேண்டாமா? ஆகவே எல்லாரையும் கூட்டி, சர்வரைப் பெரிய திரையில் போட்டு, போகிறவரையே நடு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கையாலேயே எண்டர் தட்டவைப்பார். தட்டுவதற்கு முன்னால், வேறு ஏதாவது எடுக்கணுமா என்று குரல் தழுதழுக்கக் கேட்பார். எடுக்கணும் என்று யாராவது ஏமாந்து சொல்லிவிட்டால், கம்பெனி சொத்தைத் திருடவா பார்க்கிறாய் என்று அதே குரலில் கேட்பார். எல்லாம் முடிந்தபின் கீழே மாமாக் கடை என்னும் சாப்பாட்டுக் கடையில், போகிறவர் செலவில், அத்தனை பேருக்கும் தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர். அதற்குப் பெயர் பால் செலவு.

கடைசியாகப் பால் ஊற்றப்பட்டவன் புவனேஷ். அவன் செய்த குற்றம் இன்னதென்று சொல்வதற்கு முன்னால், தாய்க்கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தாய்க்கோழி என்பது ஒரு மென்பொருள். காந்தன் எழுதியது. பெயர் வைத்தவர் முதலாளி நைனா முகம்மது. மலாக்கா டவுனில் கோழித் தீவனம் மொத்த வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், தீவனம் வாங்க வந்த பண்ணைக்காரர்கள் எல்லாரும் குஞ்சு செத்துப்போன கதையையே சொல்கிறார்களே என்று இந்தத் தொழிலில் இறங்கினார். ஜாசின், செலண்டார் பக்கமிருக்கும் பொரிப்பகங்களில் முட்டை அடுக்கிய அறைகளுக்கெல்லாம் செங்கிலிருந்தே அடைகாப்பது தாய்க்கோழியின் வேலை. எந்த அறைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எந்தத் தட்டு முட்டைக்கு என்ன வயது, எப்போது புரட்ட வேண்டும், எப்போது புரட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பொரிக்கப் போகும் கடைசிக் கட்டத்தில் முட்டையைத் தொடவே கூடாது. தொட்டால் குஞ்சு உள்ளேயே தலைமாறிச் சாகும்.

இந்தச் சமாச்சாரங்களை எல்லாம் அது எழுதிவைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் அல்லவா? சர்வருக்குள் எதை எங்கே வைப்பது என்பதற்கு உலகம் முழுக்க ஒரு வழக்கம் இருக்கிறது. மனிதர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளுக்கு எட்சி என்று ஓர் இடம். மென்பொருள் ஓடும்போது தானாக ஞாபகம் வைத்துக்கொள்ளும் விஷயங்களுக்கு வார் என்று ஓர் இடம். மறந்துபோனால் மண்ணாய்ப் போகட்டும் என்பவற்றுக்கு டெம்ப். சர்வரை அணைத்துப் போட்டால் டெம்ப் துடைத்துவிட்ட சிலேட்டாகிவிடும். கடைசியாக ஹோம். அது ஆட்களுக்கு. ஆளுக்கு ஒரு வீடு, ஆள் போனால் வீடும் போகும்.

தாய்க்கோழி கட்டளை, ஞாபகம், முட்டை வயது, மூக்கு முழி என்று சகலத்தோடும் காந்தனின் வீட்டில் குடியிருந்தது.

ஆரம்பத்தில் அது சோம்பேறித்தனம்தான். எழுதிப் பார்த்தபோது கைக்கு எட்டிய இடத்தில் வைத்தார், அப்படியே விட்டுவிட்டார். பிறகொரு நாள், காந்தனின் வாய்க்கொழுப்புத் தாங்காமல் முதலாளி வேறு ஆள் பார்க்கலாமா என்று விசாரித்திருக்கிறார். காந்தன் போனால் காந்தன் வீடு போகும், வீடு போனால் கோழி போகும், கோழி போனால் கம்பெனியில் மிச்சமிருப்பது வாடகைக்கு எடுத்த நாற்காலிகள்தான் என்று விசாரித்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். இந்தச் செய்தி காந்தன் காதுக்கும் வந்தது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மகிமை இருக்கிறதா என்று அவர் வியந்தார். அன்றிலிருந்து முதலாளி அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழையத் தொடங்கினார்.

அதோடு ஒரு வேலையும் செய்தார். சர்வரில் இருப்பதையெல்லாம் தினமும் நகலெடுத்து வேறொரு பெட்டியில் போட்டுவைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதன் கட்டளையில், தன் வீட்டை மட்டும் நகலெடுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார். காரணம் கேட்டவர்களிடம் அந்தரங்கம் என்றார். கோழி ஒன்று, கூடும் ஒன்று. இரண்டாவது கூடு இருந்தால் அவருக்கு என்ன மரியாதை?

அந்தரங்கம் என்று சொன்னதும் முழுப் பொய் அல்ல. அவர் மனைவி மங்களத்தின் போனில் இடமில்லை இடமில்லை என்று வந்துகொண்டே இருக்க, மகள் அகல்யா பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், முதன்முதலில் நடந்தது, மொட்டை போட்டது, காது குத்தியது, தங்கள் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் காந்தன் ஆபீஸ் சர்வரில் தன் வீட்டுக்குள் ஏற்றிவைத்தார். போனில் இருந்ததைத் தன் கையாலேயே அழித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தது போல் அவளிடம் கொடுத்தார். மங்களம் கலங்கியபோது, நம்ம வீட்டைவிட அந்த வீடு பத்திரம் என்றார். அதை நம்பியும் சொன்னார்.

இப்போது புவனேஷ். அந்தப் பையன் கெட்டிக்காரன், ஆகவே தாங்க முடியாதவன். கோழியை ஓர் ஆளின் வீட்டில் வைப்பது தப்பு, அதை எட்சிக்கும் வாருக்கும் பிரித்து வைக்கணும் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டான். காந்தன் கோபப்படவில்லை. அவனை மாமாக் கடைக்குக் கூட்டிப் போய் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்து, நல்ல யோசனை தம்பி, செய்யலாம், ஆனால் வாருக்குள் எழுத உனக்கு இன்னும் அனுமதி போடவில்லை, இப்போதைக்கு ஞாபகத்தை டெம்பில் வைத்துக்கொள், அடுத்த வாரம் நானே மாற்றித் தருகிறேன் என்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. நாசி லெமாக் மேல் சத்தியமாக வாயால் சொன்னார். புவனேஷும் கோழியின் ஞாபகத்தை அப்படியே டெம்பில் வைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, சர்வர் களைத்துப்போயிருக்கிறது என்று சொல்லிக் காந்தன் அதை அணைத்துவிட்டு மறுபடி எழுப்பினார்.

தாய்க்கோழி கண்விழித்தது. டெம்ப் துடைத்துக் கிடந்தது. அதற்கு எதுவும் ஞாபகமில்லை. அறை நிறைய முட்டை இருப்பதைப் பார்த்து, அட, எல்லாம் இன்றைக்குத்தான் இட்ட முட்டை என்று முடிவுசெய்து, ஆசை ஆசையாகப் புரட்ட ஆரம்பித்தது. செலண்டாரில் அப்போது ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்த குஞ்சுகளுக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. பொரிப்பக மேற்பார்வையாளர் பிச்சைமுத்து கதவைத் திறந்தபோது, அலகை மட்டும் ஓட்டுக்கு வெளியே நீட்டியபடி தட்டுத் தட்டாகச் செத்திருந்தன. உர மூட்டையில் அள்ளிக்கொண்டு போய்ச் செம்பனை மரத்தடியில் குழிவெட்டிக் கொட்டினார். கொட்டியதை வீடியோ எடுத்து அனுப்பினார். ஒன்றிரண்டு இன்னும் கத்திக்கொண்டிருந்தது அதில் கேட்டது.

காந்தன் அந்த வீடியோவை மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டார். சத்தத்தைக் கூட்டியும் வைத்தார். பிறகு கோழியைத் தன் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து கம்பெனியைக் காப்பாற்றினார். டெம்பில் வைக்கச் சொன்னது நீங்கள்தானே அண்ணே என்று புவனேஷ் கேட்டபோது, அவர் முகத்தில் பெற்ற பிள்ளை கைநீட்டிவிட்ட தகப்பனின் வேதனை தெரிந்தது. அந்த வேதனையோடே அவனுக்குப் பால் ஊற்றினார். பையன் எண்டரைத் தட்டாமல் விரலைப் பின்னுக்கு இழுத்தான். காந்தன் அவன் விரல்மேல் தன் விரலை வைத்து ஒத்தாசை செய்தார்.

புவனேஷ் அதன்பின் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனான். ஒரு மத்தியானம் காந்தன் ஆர்டர் செய்த மீ கோரெங்கை அவனே கொண்டுவரும்படி ஆயிற்று. காந்தன் அவனைக் குடும்ப நலமெல்லாம் விசாரித்து, தண்ணி குடிக்கிறாயா என்றும் கேட்டு, அவன் படியிறங்கிப் போனதும் போனை எடுத்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்.

புவனேஷின் நாற்காலிக்குத் திவ்யதர்ஷினி வந்தாள். புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பெண். படித்து முடித்து வேறொரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். இந்தக் கோப்பு ஏன் இங்கே இருக்கிறது, அந்தக் கோப்பு ஏன் அங்கே இருக்கிறது. வந்த வாரத்திலேயே காந்தன் அவளுக்கு வாஸ்து என்று பெயர் வைத்துவிட்டார். வாஸ்து, தே ஓ வாங்கிட்டு வா. வாஸ்து, குப்பைத் தொட்டி எந்த மூலையில இருந்தா நமக்கு நல்லது? ஆபீஸ் சிரித்தது. முதலில் சிரிக்காதவர்களும் புவனேஷை நினைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு மீட்டிங்கில், முதலாளியை வைத்துக்கொண்டே, அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"காந்தன் அண்ணே, தாய்க்கோழி ஏன் உங்க ஹோம்ல இருக்கு?"

காந்தன் செலண்டார் வீடியோவை மறுபடி திரையில் போட்டார். ஓடி முடியும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, செத்த குஞ்சு ஒன்றின் படத்தை நிறுத்தி எடுத்து அவள் கணினியின் முகப்பில் போடச் சொன்னார். கற்றுக்கொள்ளும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்றார். அவள் மறுபேச்சில்லாமல் போட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு முறையும், அலகை நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குஞ்சைக் கண்டு காந்தனுக்கு நாள் நல்லபடியாகப் போயிற்று.

முதலாளி அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதையும் மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எங்க அத்தா கடையில ஒரு கைப்பிடி அரிசி கூட சிப்பந்தி வீட்டுல இருந்ததில்ல."

கிழவருக்கு அரிசி ஞாபகம் வந்துவிட்டது என்று காந்தன் நினைத்துக்கொண்டார்.

மாசி மகம் வந்தது. சன்னாசிமலை ஆண்டவர் கோயில் பக்கம் காவடிக் கூட்டம் நிறைந்து, செங் சாலைகளில் கார் நகராது. காந்தன் தண்ணீர்ப் பந்தல் கமிட்டித் தலைவர். தண்ணீரை மற்றவர்கள் ஊற்ற, பந்தலின் முன்னால் துண்டு போட்டுக்கொண்டு நிற்பது அவர் பொறுப்பு. அதற்காக வருஷந்தோறும் லீவு எடுப்பார். பொரிப்பகங்களிலும் ஆட்கள் காவடிக்குப் போய்விடுவதால் அந்த நாட்களில் முட்டை அடுக்கமாட்டார்கள், அறைகள் காலியாகக் கிடக்கும். கிளம்புமுன் திவ்யதர்ஷினியைக் கூப்பிட்டு, சர்வர் அலமாரியைத் துடைத்து, வயருக்கெல்லாம் பெயர் ஒட்டிவைக்கச் சொன்னார். அதைத் தவிர எதையும் தொட்டால் அடுத்த பால் அவளுக்குத்தான் என்றார்.

திரும்பி வந்தபோது வயர்களுக்கெல்லாம் அழகாகப் பெயர் ஒட்டியிருந்தது. காந்தன் சந்தேகப் பிறவி. தன் வீட்டைத் திறந்து பார்த்தார். தாய்க்கோழி அதன் இடத்திலேயே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தார், கட்டளை இருந்தது, முட்டை வயது இருந்தது. அந்தத் திரையில் சாதாரணமாக ஒவ்வொரு வகைக் கோப்பும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். நிறமெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று காந்தன் அந்த வசதியை அணைத்துவைத்து வெகுகாலமாகிறது. எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் சிகாமாட்டில் கிளை திறக்கப் போகிறோம், கம்பெனிக்கு ஓர் இயக்குநர் வேண்டும் என்று முதலாளி ஒரு நாள் வாய்விட்டார். காந்தன் அன்று சாயங்காலமே போய்ப் பெயரட்டை அடித்துக்கொண்டு வந்துவிட்டார். தங்க எழுத்து. மங்களத்திடம் கொடுத்தபோது அவள் அதைச் சாமி மேடையில் வைத்தாள். முதலாளியோ ஒவ்வொரு முறை கேட்கும்போதும், பார்ப்போம் காந்தா என்றார். பெயரட்டைக்குச் சாமி மேடையில் விபூதி படிந்துகொண்டே போனது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மங்களம் சொல்லிவிட்டிருந்தாள். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால், வீட்டிலும் கோயில் கமிட்டியிலும் தலைகாட்ட முடியாது என்கிற இடத்துக்குக் காந்தன் தானாகவே நடந்து வந்து நின்றார்.

ஆகவே ராஜினாமா செய்வது என்று முடிவெடுத்தார்.

நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார். நோன்புப் பெருநாளுக்குக் கோழிக்கு அடிதடி; அதற்கான குஞ்சு நோன்பு தொடங்குமுன்பே பொரிந்தாக வேண்டும். செலண்டாரில் ஓர் அறை விடாமல் முட்டை. எல்லாம் ஒரே வாக்கில் பொரிக்க வேண்டிய நாளின் காலையில் கடிதத்தை நீட்டிவிட வேண்டும். வழக்கப்படி பால் ஊற்றுவார்கள். அவர் கையாலேயே எண்டர் தட்டுவார். கோழி சாகும். செலண்டாரில் அறைகள் அலறும், பிச்சைமுத்து அலறுவார், முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொள்வார். எத்தனை குஞ்சு சாகும் என்று காந்தன் கணக்குப் பார்க்கவில்லை. முதலாளி எவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறாரோ அவ்வளவு குறைவாகச் சாகும். அது முதலாளியின் மனிதாபிமானத்தைப் பொறுத்த விஷயம்.

காலையிலேயே போய், தாய்க்கோழியை மூட்டையாகக் கட்டிப் புது பெண்டிரைவ் ஒன்றில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. இந்தக் காலத்து பெண்டிரைவ் என்ன வேகம் என்று மெச்சிக்கொண்டார். அகல்யாவின் படங்களையும் ஏற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவை ஏற நேரமாகும். தவிர, திங்கட்கிழமை இயக்குநராகத் திரும்பி வரப்போகிறவர் எதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டும்? கோழியை உயிர்ப்பிக்கிற கையோடு, நகல் பெட்டியிலிருந்து மற்றதையும் எடுத்துக்கொண்டால் போயிற்று. நகல் வேண்டாம் என்று தான் எழுதிய வரி, கோழியைப் பொறுத்தவரைதான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

கடிதத்தை நீட்டினார். நைனா முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்க வாசித்தார். காந்தன் முகத்தில் ஒரு புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி காந்தா," என்றார் முதலாளி. "அப்ப பால இன்னைக்கே ஊத்திறலாமா?"

காந்தன் எதிர்பார்த்ததைவிட இது கொஞ்சம் வேகமாக இருந்தது. ஆனால் எதிர்பார்த்த திசைதான்.

எல்லாரும் கூடினார்கள். பெரிய திரை எரிந்தது. நடு நாற்காலியில் காந்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கட்டளையைத் திவ்யதர்ஷினிதான் தட்டிவைத்தாள். கடைசி எண்டர் மட்டும் பாக்கி. அவள் விசைப்பலகையை அவர் பக்கமாக நகர்த்திவிட்டு, அவர் எழுதிய சடங்கின்படியே கேட்டாள்.

"வேற ஏதாச்சும் எடுக்கணுமா அண்ணே?"

"எல்லாம் கம்பெனி சொத்துதானே மா."

"இல்லண்ணே, உள்ள உங்க சொந்தப் படம்லாம் இருக்கு போலருக்கு. பாப்பா படம். எடுத்துக்குங்க, நான் வெய்ட் பண்றேன்."

அவள் குரலில் ஏதோ இருந்தது. பயம் என்று காந்தன் எடுத்துக்கொண்டார். நேரத்தை இழுக்கிறாள், கோழி செத்தால் யார் தலையில் விடியும் என்று புரிந்துவிட்டது இவளுக்கு. அவர் ஆபீசை ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பயமா இருக்கா வாஸ்து? ஒருக்கா தட்டினா அவ்ளோதான் லா. புவனேஷுக்கு விரல் புடிச்சு விட்டேன். ஒனக்கும் புடிச்சு விடவா?"

யாரும் சிரிக்கவில்லை. காந்தன் தட்டினார்.

திரையில் பெயர்கள் மேல்நோக்கி ஓடின. அழிக்கப்படும் ஒவ்வொரு கோப்பும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும்படி வைத்திருந்தவர் காந்தன்தான். அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு மனத்தில் பதியும். தாய்க்கோழி என்று ஒரே ஒரு வரி முதலில் ஓடியது. அதற்குப் பிறகு அகல்யா, அகல்யா, அகல்யா என்று திரை கொள்ளாமல் ஓடியது. பிறந்தது, குப்புற விழுந்தது, முதல் நடை, மொட்டை. பிறகு கல்யாணம், கல்யாணம், கல்யாணம். பிறகு ஒன்றுமில்லை.

காந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அலறவில்லை. சரி, அறை சூடு குறைய நேரம் பிடிக்கும்.

மாமாக் கடைக்கு இறங்கினார்கள். தே தாரிக் வந்தது. காந்தன் போனை மேசை நடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். முதலாளி தம் தேநீரில் ரொட்டியைத் தொட்டுத் தின்பதில் முழுக் கவனமாக இருந்தார். காந்தன் தன் தேநீரைத் தொடவில்லை. அதன் மேல் ஆடை கட்டத் தொடங்கியபோது போன் மணியடித்தது. பிச்சைமுத்து.

காந்தன் உடனே எடுக்கவில்லை. நாலைந்து தரம் அடிக்கவிட்டார். பிறகு முதலாளியைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா காந்தனா?" பிச்சைமுத்துவின் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். ஆயிரக்கணக்கில் ஏதோ கத்திக்கொண்டிருந்தது. "சத்தம் கேக்குதாய்யா?"

"கேக்குது பிச்சமுத்து. சொல்லுங்க. பதறாம சொல்லுங்க."

"எல்லாம் வந்துருச்சுய்யா. ஒரு தட்டு வீணாப் போகல. மாசி மகம் கழிச்சு ஒரு கரைச்சலும் இல்ல. நீங்க இன்னைக்கோட நிக்கிறீங்கன்னு பாஸ் சொன்னாரு. அதான், இனிமே ஏதாச்சும்னா யாரு நம்பருக்கு அடிக்கிறதுன்னு கேட்டு வச்சுக்கலாம்னு."

கத்திக்கொண்டிருந்தவை குஞ்சுகள். உயிரோடு கத்திக்கொண்டிருந்தன. திவ்யதர்ஷினி போன் பக்கமாகக் குனிந்து தன் எண்ணைச் சொன்னாள். நிதானமாக, இரண்டு தரம் சொன்னாள். பிச்சைமுத்து நன்றி சொல்லி வைத்தார்.

பிறகு அவள், கேட்காமலேயே, விளக்கினாள். மாசி மகத்தின்போது முட்டை இல்லாத நேரம் பார்த்து, முதலாளி சொன்னதன் பேரில், தாய்க்கோழியைக் குடிமாற்றியிருந்தாள். கட்டளையெல்லாம் எட்சிக்கு, ஞாபகமெல்லாம் வாருக்கு. காந்தன் வீட்டில் பழைய இடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகையை மட்டும் நட்டுவைத்தாள். யார் கோழியைத் தேடி அங்கே போனாலும் பலகை அவர்களை நேராகப் புது வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், போனவருக்கே தெரியாது. நிறத்தைப் போட்டுப் பார்த்தால் பலகை வேறு நிறத்தில் தெரிந்திருக்கும். இன்றைக்கு அழிந்தது அந்தப் பலகைதான். பலகையைப் பிடுங்கினால் ஊருக்கு ஒன்றும் ஆகாது.

காந்தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பெண்டிரைவ் இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அதில் ஏறியது என்ன என்பது இப்போது விளங்கியது. அவர் ஒரு பலகையை மூட்டை கட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ரொட்டியை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளி, இயக்குநர் பெயரட்டை அடித்துவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேனே, எழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்று விசாரித்தார். எந்த அச்சகம் என்றும் கேட்டார். திவ்யதர்ஷினிக்கு அடிக்க வேண்டியிருக்கிறதாம்.

மேசைமேல் போன் ஒளிர்ந்தது. மங்களம் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். ஸ்பீக்கரை அணைக்கக் காந்தனுக்குத் தோன்றவில்லை. தொட்டதும் மேசைக்கே கேட்டது.

"ஏங்க, பாப்பா படிக்கிற தடிகாவுல டீச்சர் கேக்குறாங்க, நாளைக்கு கான்சர்ட்ல ஒவ்வொரு பிள்ளையோட பேபி போட்டோவும் ஸ்க்ரீன்ல போடுவாங்களாம். பாப்பா காலையிலருந்து குதிச்சிகிட்டு இருக்கா. சர்வர்ல இருக்குல்ல, அந்த மொட்ட போட்டு சிரிக்கிற படம், அத அனுப்புங்க."

காந்தன் திவ்யதர்ஷினியைப் பார்த்தார். இத்தனை காலத்தில் முதல் முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"திவ்யா... பேக்கப் பெட்டியில இருக்கும்ல?"

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உங்க வீட்ட சேக்க வேணான்னு நீங்கதானே எழுதி வச்சீங்க அண்ணே. அந்த வரி எட்சியில சரியான எடத்துலதான் இருந்துச்சு. அத மட்டும் நான் தொடல."

மேசையில் யாரோ இருமினார்கள். தூரத்துச் சாலையில் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று சமிக்ஞைக்கு நின்றுவிட்டுப் போயிற்று. அது புவனேஷாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாமாக் கடைப் பையன் வந்து பில்லை, வழக்கப்படி, நடு நாற்காலிக்காரரின் முன்னால் வைத்தான். பால் செலவு.

காந்தன் பில்லையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்களத்திடமிருந்து அடுத்தது வந்தது. இந்த முறை எழுத்தில்.

நெறைய இருக்கும்ல, அவசரமில்ல. நல்லதா பாத்து எடுங்க.